கீழக்கரைச் சாலைக்குக் குளிர்கால டயர் வேண்டுமா?

கீழக்கரை அன்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய சகோதரி மகன் பிரிட்டனில் கார்டிஃப் நகரில் வேலை பார்க்கிறார். நவம்பர் பிறந்ததும் அங்கே சிலர் தங்கள் காருக்குக் குளிர்கால டயர் மாற்றுவதைப் பார்த்த அவர், "மாமா, இங்கே பனி கொட்டுவதெல்லாம் அபூர்வம், மழைதான் பெய்கிறது; நம் ஊரிலும் அந்த மாதங்களில் மழைதானே, நீங்களும் அதே டயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அன்பருடைய காருக்கு 185/65 ஆர்15 அளவு டயர். வாரம் ஒருமுறை ராமேசுவரமும், மாதம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடியும் போய்வருகிறார். இப்போது ஓடும் டயர்களுக்கு ஐந்து வயது ஆகிவிட்டதால் ஐப்பசி மழைக்கு முன் நான்கையும் மாற்ற எண்ணியிருக்கிறார். குளிர்கால டயர் வாங்கலாமா, வேண்டாமென்றால் எதைப் பார்த்து வாங்குவது, மருமகனுக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

வாங்க வேண்டாம். ராமநாதபுரத்தில் டயர்க் கடையும் சக்கரச் சீரமைப்பும் நடத்துகிறவன் என்ற முறையில் விற்பனையை மறுத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கடையில் அந்தச் சரக்கே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் எளிதல்ல. 2020 ஜூனில் இந்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டதால், உரிமம் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் நினைத்தவுடன் தருவித்துக்கொள்ள முடியாது. ஆனால் உரிமம் கிடைத்து, இலவசமாகவே வந்து இறங்கினாலும் அந்த டயர் நம் சாலைக்குத் தகாது என்பதுதான் என் பதில்.

குளிர்கால டயரின் பெயரில் இருக்கும் குளிர் வெறும் அடைமொழி அல்ல. சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க விறைத்துப்போய்ச் சாலையைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழும் இளகிய நிலையிலேயே இருக்கும்படி கலவை சேர்க்கப்பட்ட ரப்பரால் குளிர்கால டயரைச் செய்கிறார்கள். அதன் பட்டன்களில், அதாவது தரையைத் தொடும் கட்டைகளில், கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கடித்துப் பிடிப்பது அந்த வெட்டுகளின் வேலை. 1934இல் பின்லாந்தின் நோக்கியா நகரில் இருந்த ரப்பர் நிறுவனம் முதன்முதலாகக் குளிர்கால டயரை உருவாக்கியபோது அவர்கள் கண்முன் இருந்தவை உறைபனி மூடிய சாலையும் அதில் சங்கிலி கட்டி ஓடிய லாரிகளும்தான். மழைநீரை மனத்தில் கொண்டு பிறந்த பொருள் அல்ல அது.

ராமநாதபுரக் கடற்கரையில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கார்த்திகை மழையில் நனைந்த தார்ச்சாலைகூட இருபத்தைந்தை ஒட்டியே இருக்கும். அந்த வெப்பத்தில் குளிர்கால டயரின் ரப்பர் அளவுக்கு மீறி இளகிவிடும். மெல்லிய வெட்டுகளால் ஏற்கெனவே துண்டுபட்டிருக்கும் பட்டன்கள், பிரேக் அழுத்தும்போது உறுதியாக நிற்காமல் வளைந்து நெளியும். அதனால் நனைந்த சாலையில் கார் நிற்கும் தூரம் குறையாது, கூடவே செய்யும். சித்திரை வெயிலில் தேய்மானம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மழை என்ற ஒற்றுமையை வைத்து உங்கள் மருமகன் இரண்டு ஊர்களையும் சேர்த்துவிட்டார். டயரின் ரப்பருக்கு மழையைவிட வெப்பநிலைதான் முதல் கேள்வி. மழை இரண்டாவதாக வருகிறது, அதற்கு விடை சொல்வது டயரின் பள்ளங்கள்.

அந்தப் பள்ளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பேரம் முழுவதும் விலையிலும் "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்பதிலும் முடிந்துவிடுகிறது. சாலையில் 3 மி.மீ. ஆழத்துக்கு நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத் தடம் பதிந்து அமுங்கிய பழைய சாலைகளில் ஒரு பத்து நிமிட மழைக்கே அவ்வளவு நிற்கும். உங்கள் டயரின் அகலம் 185 மி.மீ. நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்குச் சுமார் 22 மீட்டர் நகர்கிறீர்கள். மூன்றையும் பெருக்கினால், ஒவ்வொரு முன்சக்கரமும் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 12 லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து அகற்ற வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டியில் வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறோமே, அந்தப் பிளாஸ்டிக் குடம் ஒன்றில் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். ஒரு குடம் தண்ணீருக்கு நாள் முழுதும் காத்துக்கிடக்கும் மாவட்டத்தில், நம் டயர் நொடிக்கு ஒரு குடத்தை இறைத்துத் தள்ள வேண்டும் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

அந்த நீர் போவதற்கு இருக்கும் வாய்க்கால்கள்தாம் டயரின் பள்ளங்கள். டயரைச் சுற்றி ஓடும் நீளப் பள்ளங்கள் பெரிய வாய்க்கால்கள். அவற்றிலிருந்து தோள்பக்கம், அதாவது டயரின் ஓரத்தை நோக்கி, பிரிந்து செல்பவை மடைகள். புதிய கார் டயரில் இப்பள்ளங்கள் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்தின் அடியில் குறுக்கே இருக்கும் சிறு மேடுகளோடு பட்டன் சமமாகிவிட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோன பிறகு கண்மாய் நிரம்பினால் நீர் எங்கே போகும்? பாதி தேய்ந்த டயர் காய்ந்த சாலையில் புதிதைப்போலவே பிடிக்கும்; சில சமயம் அதைவிட நன்றாகவும் பிடிக்கும். அந்த நம்பிக்கையே மழையில் ஆளை ஏமாற்றுகிறது. ஆகவே நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்கப் போகும் டயருக்கு 3 மி.மீ. என்பதை நான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். புரட்டாசியில் அளந்து பார்த்து 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், சட்டம் இன்னும் அனுமதித்தாலும் நான் மாற்றச் சொல்வேன். ஆழம் அளக்கும் சிறு கருவி எந்த டயர்க் கடையிலும் இருக்கும். கேட்டால் காசு வாங்காமல் அளந்து சொல்வார்கள்.

வாய்க்காலால் வெளியேற்ற முடியாத அளவு நீர் சேரும்போது அது டயருக்கு முன்னால் ஆப்புபோல் புகுந்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. ஸ்டீயரிங் திடீரென்று பஞ்சுபோல் ஆகிவிடும். பிரேக் மிதித்தாலும் பயன் இருக்காது. இந்த நீர்மிதப்பை விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்த நாசா, 1963இல் ஓர் எளிய கணக்கை வெளியிட்டது. டயரில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மிதக்கத் தொடங்கும் வேகம் அமைகிறது என்பது அதன் சாரம். நம் அளவுகளுக்கு மாற்றினால், காற்றழுத்தத்தின் அளவான பிஎஸ்ஐ எண்ணின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்க வேண்டும். 32 பிஎஸ்ஐ இருந்தால் 94 கி.மீ. வேகம், 24 ஆகக் குறைந்தால் 82, 18 என்றால் 71. கார் டயருக்கு இது துல்லியமாகப் பொருந்தாது. பள்ளம் ஆழமாக இருந்தால் இதைவிட அதிக வேகத்தையும் தாங்கும், மொட்டை டயராக இருந்தால் இதற்குக் குறைவான வேகத்திலேயே மிதக்கும். இருந்தாலும் காற்று குறையக் குறைய மழையில் பாதுகாப்பான வேகமும் குறைகிறது என்ற உண்மையை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடும் என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். மணலில் அது சரி. நீர் நிற்கும் தார்ச்சாலையில் முற்றிலும் தவறு.

மணலையும் சாலையையும் குழப்பிக்கொண்டதற்கு நானே சாட்சி. தனுஷ்கோடிக்கு முழுவதும் தார்ச்சாலை போடப்படாத காலத்தில், அந்தக் கடைசிப் பகுதியில் மணலில் புதையாமல் இருக்க எல்லோரும் டயரின் காற்றை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். ஒரு கார்த்திகையில் நானும் அப்படியே 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டுப் போய்வந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ராமேசுவரத்தில் காற்றுப் பிடிக்க நின்றால் நனைய வேண்டுமே என்ற சோம்பலில் அப்படியே வண்டியை விட்டேன். மண்டபம் தாண்டி உச்சிப்புளிக்கு முன்னால், 75க்குச் சற்று மேலே போய்க்கொண்டிருந்தபோது வண்டி என் கைக்கு அடங்காமல் பக்கவாட்டில் நழுவிச் சாலையோரச் சகதியில் போய் நின்றது. எதிரே பேருந்து ஏதும் வராததால்தான் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று என் டயர்களுக்கு வயது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பள்ளம் 6 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தது. குறை முழுக்க முழுக்கக் காற்றில்தான்.

காற்று குறைவதற்கு நம் கடற்கரையில் மணல் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சீமைக்கருவேல முள். ஏர்வாடி, வாலிநோக்கம் விலக்கு, சாயல்குடி என்று நீங்கள் தூத்துக்குடிக்குப் போகும் வழியின் இரு ஓரங்களிலும் அதுதான். கிளை வெட்டி ஏற்றிச் செல்லும் வண்டிகள் உதிர்த்துவிட்டுப் போவதும், மழைக்காற்றில் ஒடிந்து விழுவதும், நீரோடு அடித்துவரப்பட்டுச் சாலைக்கு வருவதும் டயரில் ஏறுகின்றன. முள் உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால் டியூப் இல்லாத டயர் உடனே இறங்காது. வாரத்துக்கு ஐந்தாறு பிஎஸ்ஐ என்று மெல்லக் கசியும். பார்வைக்குத் தெரியாத அந்த ஐந்தாறு பிஎஸ்ஐதான் மேலே சொன்ன கணக்கில் உங்களை 32இலிருந்து 26க்கு இறக்கிவிடுகிறது. பட்டன் தடிமனாக இருந்தால் முள் உட்சுவர்வரை போவது குறையும் என்பதால், முள்ளுக்கும் மழைக்கும் மருந்து ஒன்றே: ஆழமுள்ள டயர். இளகிய ரப்பரால் ஆன குளிர்கால டயர் முள்ளுக்கு இன்னும் இலகுவாக வழிவிடும் என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உப்புக்காற்று. கடலோரத்திலேயே நிற்கும் வண்டிகளின் இரும்பு ரிம், டயர் உட்காரும் விளிம்பில் துருப்பிடித்துச் சொரசொரப்பாகி, அந்த இடுக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். பஞ்சர்க் கடையில் நீருக்குள் அமுக்கிப் பார்த்தும் முள் எதுவும் அகப்படவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும். அலாய் ரிம்மும் இதற்கு விலக்கல்ல. மேல்பூச்சு உரிந்த இடத்தில் வெண்மையாகப் பூத்துவிடும். புதிய டயர் மாட்டும் நாளில் ரிம்மின் விளிம்பைத் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டு, வால்வுகளையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைக்கு முன் ஒரு பொருட்டே அல்ல, என்றாலும் கேட்காவிட்டால் யாரும் செய்துதர மாட்டார்கள்.

காற்றழுத்தம் பார்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி மாறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். பரமக்குடியிலிருந்து பகல் வெயிலில் ஓடிவந்த சூட்டோடு பங்கில் நிறுத்தி 32 என்று பிடித்தால், மறுநாள் காலை மழையில் அதே டயரில் 28கூட இருக்காமல் போகலாம். கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு, வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது பார்க்க வேண்டிய அளவு. நான் வீட்டில் ஒரு சிறு காற்றுமானி வைத்திருக்கிறேன்; ஐப்பசி முதல் மார்கழிவரை வாரம் ஒருமுறை காலையில் பார்த்துவிடுவேன். நைட்ரஜன் பிடித்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பார்கள். காசுக்குத் தகுந்த வேறுபாடு எதையும் நான் கண்டதில்லை.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். இந்தியாவில் விற்கும் எல்லாக் கார் டயர்களும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்காகச் செய்யப்பட்டவைதாம். அவற்றில் மழைக்கால டயர் என்று தனி வகை கிடையாது. ஆனால் நீண்டநாள் உழைப்பதற்காகக் கடினமான ரப்பரில் செய்யப்பட்டவை ஒரு பக்கம், பிடிப்புக்காகச் சிலிக்கா கலந்து செய்யப்பட்டவை மறுபக்கம் என்று ஒரு பிரிவு உண்டு. 1990களின் தொடக்கத்தில் கரித்தூளின் இடத்தில் பெரும்பகுதிக்குச் சிலிக்காவைச் சேர்க்கும் முறை கார் டயர்களில் பரவியபோது, எரிபொருளும் மிச்சமாகி ஈரப்பிடிப்பும் கூடியது. இலட்சம் கிலோமீட்டர் ஓடும் என்ற விளம்பரத்தோடு வருபவை பெரும்பாலும் முதல் பிரிவைச் சேர்ந்தவை. வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு அவற்றின் கணக்கு ஒத்துவரலாம். உங்கள் ஓட்டம் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்தைத் தாண்டாது என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். இலட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் வெயிலிலேயே வெடிப்பு விட்டுச் சிதிலமாகிவிடும். கடைசிவரை பயன்படுத்தப் போகாத ஆயுளுக்காக ஒவ்வொரு மழையிலும் பிடிப்பை விட்டுக்கொடுப்பானேன்?

ஈரப்பிடிப்பை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், சில டயர்களின் பக்கச் சுவரில் தேய்மானம், இழுவை, வெப்பம் என்ற மூன்று தர மதிப்பீடுகள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். அமெரிக்க முறை அது. நடுவில் இருக்கும் இழுவைத் தரம் முழுக்க முழுக்க நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துச் சோதித்ததன் முடிவு. ஏஏ, ஏ, பி, சி என்று இறங்குவரிசையில் இருக்கும். ஏ தரத்துக்குக் கீழே போகாதீர்கள். முதலில் இருக்கும் தேய்மான எண் 500, 600 என்று மிகப் பெரியதாக இருந்தால் ரப்பர் கடினம் என்று பொதுவாக ஊகிக்கலாம். ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் ஈரப்பிடிப்பு வகுப்பைச் சீட்டிலேயே அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுப் பிரேக் பிடித்தால், ஏ வகுப்பு டயர் அப்போதைய எஃப் வகுப்பு டயரைவிட 18 மீட்டர்வரை முன்னதாகவே நின்றுவிடும் என்று அந்தத் திட்டத்தில் விளக்கியிருந்தார்கள். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. இந்தியாவிலும் உருளல் தடை (உருளும்போது டயர் தரும் எதிர்ப்பு), ஈரப்பிடிப்பு, ஒலி மூன்றுக்கும் ஏஐஎஸ் 142 என்ற தரவிதி இருக்கிறது. அதில் தேறிய டயரா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கடையில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு எரிபொருள் சிக்கனத்துக்கானது, மழைக்கானது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டயரின் பள்ளங்கள் அமைந்திருக்கும் கோலத்தைப் பொறுத்தவரை, சுற்றிலும் அகலமான மூன்று அல்லது நான்கு நேர்ப்பள்ளங்கள் இருக்கின்றனவா, அவற்றிலிருந்து தோள்வரை மடைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே திசையில் சுழல வேண்டிய, அம்புக்குறி போட்ட டயர்கள் நீரை நன்றாகவே தள்ளும். ஆனால் பஞ்சராகி இடவலம் மாற்றி மாட்டினால் அந்தப் பயன் தலைகீழாகிவிடும். முள் நிறைந்த நம் பாதையில் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும் வகை உங்களுக்குப் பொருந்தும். அளவை மட்டும் மாற்றாதீர்கள். எடுப்பாக இருக்கும் என்று 195, 205 என அகலத்தைக் கூட்டுகிறவர்கள், அதே எடையைப் பெரிய பரப்பில் பரப்பி நீர் எளிதாகத் தூக்கும்படி செய்துகொள்கிறார்கள். உங்கள் அளவு டயரில் அச்சாகியிருக்கும் 88 என்ற சுமைக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோவரை தாங்கும் என்பதைக் குறிக்கும். அதற்குக் குறைந்ததை வாங்கக் கூடாது. பெரிய வண்டிகளில் இளைஞர்கள் ஆசையாகப் போடும் கரடுமுரடான கட்டை டயர்களும் மழைத் தார்ச்சாலைக்கு நல்லவை அல்ல. அவற்றின் பக்கத்தில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். சேறும் பனியும் என்பது அதன் விரிவு. எந்தச் சோதனையும் இல்லாமல் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளக்கூடிய எழுத்து என்பதால் அதைச் சான்றாக மதிக்க வேண்டியதில்லை.

டயரின் வயதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். ஆறு மாதத்துக்கு உட்பட்டதாகக் கேளுங்கள், ஓர் ஆண்டைத் தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள். நம் வெயிலில் ரப்பர் பயன்படுத்தாமலே கிழடாகும். கிழட்டு ரப்பர் கடினமாகி, பள்ளம் முழுதாக இருந்தும் ஈரத்தில் வழுக்கும். உங்கள் பழைய டயர்கள் ஐந்தாம் ஆண்டில் மழையில் வழுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளம் இன்னும் 4 மி.மீ. இருக்கிறது என்றால் காரணம் வயதாகத்தான் இருக்கும்.

நான்கையும் ஒன்றாக மாற்ற முடியாமல் இரண்டு மட்டும் வாங்குவதாக இருந்தால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுங்கள். இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஸ்டீயரிங்கும் இழுவையும் முன்னால்தானே இருக்கின்றன என்பார்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்ப வரும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகிவிடும். அதைத் திருத்தும் திறமை ஆயிரத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம்.

நீங்கள் போகும் பாதையில் நான் அஞ்சும் இடங்கள் இரண்டு. 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளமானது. அதன் இணைப்புகளில் இருக்கும் இரும்பு, மழையில் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். பக்கவாட்டில் கடற்காற்று வேறு தள்ளும். போதாக்குறைக்கு, 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு அதைப் படம்பிடிக்க நடுப்பாலத்திலேயே காரை நிறுத்திவிடுகிறார்கள். முன்னால் போகிறவர் எந்த நொடியும் நிற்பார் என்று எண்ணியே ஓட்ட வேண்டியிருக்கிறது. அடுத்தது, மண்டபத்திலிருந்து இப்பக்கம் மீன் வண்டிகள் ஐஸ் நீரைச் சொட்டிக்கொண்டே வரும் நெடுஞ்சாலை. எட்டு மாதம் காய்ந்து கிடந்த சாலையில் படிந்த டீசலும் ரப்பர்த்தூளும் மணலும் மீன்நீரும், புரட்டாசிக் கடைசியில் விழும் முதல் தூறலில் கரைந்து சோப்புநீர் ஆகும். அடைமழையைவிட அந்த முதல் அரைமணி நேரத் தூறலில்தான் எங்கள் கடை வாசலுக்கு அடிபட்ட வண்டிகள் அதிகம் வரும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அப்படிப்பட்ட நாளில் எந்த டயரைப் போட்டிருக்கிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டியை எடுக்கக் கூடாது.

உங்கள் மருமகனுக்கு என் பதில் வேறு. கார்டிஃபில் சனவரிப் பகல் 8 டிகிரியை ஒட்டியும், இரவு 3 டிகிரி வாக்கிலும் இருக்கும். ஆண்டு மழை 1,000 மி.மீ.க்கு மேல். அதாவது அவருடைய குளிர்காலம் அந்த 7 டிகிரிக் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. கோட்டைத் தாண்டியதும் டயர் சட்டென்று கெட்டுவிடுவதில்லை, மெல்ல மெல்லத்தான் மாறும். பிரிட்டனில் குளிர்கால டயர் போட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. அத்தகைய மிதமான, ஈரமான ஊருக்கு முழுக் குளிர்கால டயரைவிட எல்லாப் பருவ டயர் பொருந்தும். 2015இல் மிஷலின் கொண்டுவந்த கிராஸ்கிளைமேட்டும், குட்இயரின் வெக்டர் ஃபோர்சீசன்ஸும், கான்டினென்டலின் ஆல்சீசன்கான்டாக்டும் இந்த இனம். வாங்கும்போது மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையும், ஈரப்பிடிப்பில் ஏ அல்லது பி வகுப்பும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையைப் போட வேண்டும். விடுமுறையில் ஆல்ப்ஸ் பக்கம் காரில் போகிறவராக இருந்தால் கணக்கு மாறும். ஆஸ்திரியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் நடுவரை பனிச்சாலையில் குளிர்கால டயர் கட்டாயம், பள்ளமும் 4 மி.மீ. இருந்தாக வேண்டும், அங்கே 1.6 மி.மீ. பேச்சு எடுபடாது. ஊருக்கு வரும்போது அவர் உங்கள் காரை ஓட்டுவார் அல்லவா, நம் சாலையில் ஆட்டுமந்தை குறுக்கே வரும் என்பதையும் நினைவுபடுத்திவிடுங்கள்.

புதிய டயர் மாட்டிய முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். அச்சிலிருந்து பிரிவதற்காகத் தடவிய வழவழப்பு மேல்தோலில் இருக்கும், அது தேய்ந்த பிறகே முழுப் பிடிப்பு வரும். அதனால்தான் மழை தொடங்கிய பிறகு ஓடிவராமல் ஆவணியிலேயே மாற்றிவிடுங்கள் என்கிறேன். சக்கரச் சீரமைப்பும் பேலன்சிங்கும் அன்றே முடித்துவிடுங்கள். பின்பக்கத்தில் சாமான்களுக்கு அடியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துக் காற்றும் தயாரித்த வாரமும் பாருங்கள். கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவில் மழையில் நின்றுகொண்டு எனக்குத் தொலைபேசி செய்கிறார்கள்.